படி இல்லாத வாசல்

போடி,
டிசம்பர் 3

ஆண்டவருடைய கிருபையால் கடல் தாண்டி நலமாக இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருக்கும் என் கணவருக்கு, ஷீலா எழுதுவது. நானும் ஜெனிஷாவும் சுகம். உங்கள் அண்ணன் பெரியத்தானும் அவர் வீட்டு அக்காவும் சுகம்.

போன் இருக்கும் காலத்தில் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். நான் போனை எடுத்தால் பெரியத்தான் கடைக்கும் வீட்டுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுகிறார். அக்கா அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். நீங்களும் நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். நான் பேசும்போது மட்டும் மஸ்கட்டில் டவர் படுத்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் கேம்ப் விலாசத்துக்கு இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது.

தேவாரம் ரோட்டு மனை விஷயத்துக்கு வருகிறேன். போதகர் ஐயா வந்து ஜெபம் செய்தார். கர்ணன் கொத்தனார் முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, அஸ்திவாரக் குழி தோண்டினார். எல்லாவற்றையும் ஜெனிஷா வீடியோ எடுத்து அனுப்பினாள். போன லீவில் வெறும் மனையில் நின்று நீங்களும் நானும் செருப்பால் கோடு கிழித்தோமே, அதே வீடுதான். முன்னால் மூன்று படி, ஏறியதும் ஹால், ஹாலை ஒட்டி மாடிப்படி, உள்ளே அடுப்படி, கழிப்பறை பின்னால். அந்தக் கோட்டுக்குள் நின்றபோது என் வீட்டுக்குள் நிற்பதாகவே இருந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், கண் கலங்கிவிட்டது.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. குரங்கணி மலை கண்ணுக்கே தெரியவில்லை. காற்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் போட்டது. குழியெல்லாம் தண்ணீர், ஓரமெல்லாம் சரிவு, சுண்ணாம்புக் கோடு போன இடம் தெரியவில்லை. கர்ணன் வந்து பார்த்துவிட்டு, சேத்துக்கு மேல கான்கிரீட்டப் போட்டா வீடு ஒரு பக்கமா உக்காந்துரும் தங்கச்சி, தண்ணிய இறைச்சு, சேத்த வழிச்சு, மணலப் போட்டு திமிசு வச்சு இடிச்சு இறுக்கித்தான் மேல போகணும் என்றார். நான்கு நாள் வெயில் கிடைத்தால் போதும், மார்கழி பிறக்கும் முன் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். கர்ணன் தம் வழக்கப்படி மார்கழியில் வீட்டு வேலை தொடங்கமாட்டார். நம் வீட்டு வேலை என்றால் பரவாயில்லை, வேதக்காரவுகளுக்கு மார்கழி என்ன தை என்ன என்று அவரே சிரித்தார்.

இப்போதுதான் எனக்கு இடிக்கும் விஷயம் வருகிறது. வெயில் வந்துவிட்டது. கர்ணன் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பெரியத்தான் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். கேட்டால், மார்கழி வருதுல்ல, தை பொறக்கட்டும் ஆத்தா என்கிறார். சொல்கிறவர் யார்? நம் சபைக் கமிட்டியில் இருக்கிறவர். என் கல்யாணத்துக்கு என் அப்பா நல்ல நேரம் கேட்டார் என்பதற்காக ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவர். நம் வீட்டில் எப்போதிருந்து மார்கழி பார்க்க ஆரம்பித்தார்கள்?

நீங்கள் என்னை சி.ஐ.டி. என்று கேலி செய்வீர்கள். ஏலக்காய் தரம் பிரித்துப் பழகிய கண். தட்டு நிறைய நல்ல காய் இருந்தாலும் ஒரு சொத்தைதான் முதலில் படும். இந்த மார்கழிப் பேச்சு சொத்தை. பெரியத்தானுக்கு நாம் தனி வீடு போவது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் கடை ஏலக்காய் மூட்டைக்குப் பக்கத்து அறையிலேயே நாங்கள் படுப்பதால், ஜெனிஷாவின் பள்ளி யூனிபார்ம்கூட ஏலக்காய் மணக்கிறது. கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளைப் பாயசம் என்று கூப்பிடுகிறார்களாம். இன்னொரு வருஷம் இந்த அறையில் என்னால் முடியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அக்டோபரிலிருந்து நீங்கள் வீடியோவில் முகத்தை மட்டும் காட்டுகிறீர்கள். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். முன்பெல்லாம் அறையைச் சுற்றிக் காட்டுவீர்கள், லாரியில் ஏறி நின்றுகொண்டு பேசுவீர்கள், உங்கள் கூட்டாளிகள் பின்னால் நின்று கையை ஆட்டுவார்கள். இப்போது அறை மாறிவிட்டது என்கிறீர்கள். அந்த அறையில் ஒரு சட்டைகூடத் தொங்கவில்லையே.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொன்னீர்கள். முதல் சட்டி கான்கிரீட்டை நீங்கள்தான் உங்கள் கையால் குழியில் போட வேண்டும் என்று கர்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எந்தத் தேதி டிக்கெட் என்று எனக்கு மட்டும் எழுதுங்கள். உங்களைச் சுகத்தோடு கொண்டுவந்து சேர்க்க ஆண்டவரிடம் தினமும் கேட்கிறேன்.

உங்கள்,
ஷீலா

*

போடி,
டிசம்பர் 17

மறைக்கிறவர்களையும் காக்கிற ஆண்டவர் உங்களைக் காப்பாராக. ஷீலா எழுதுகிறேன். பிள்ளை நலம். நான் கோபமாக இருக்கிறேன், மற்றபடி நலம்.

என் கடிதம் கிடைத்ததாகப் போனில் சொன்னீர்கள். கேம்ப்பிலிருந்து ஒரு பையன் எடுத்து வந்து கொடுத்தான் என்றீர்கள். நீங்கள் இருப்பதே கேம்ப்தானே, அதை எங்கிருந்து எங்கே எடுத்து வந்தான்? நான் கேட்டதும் டவர் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்பதையும் நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. பெரியத்தானிடம் சொல்லி, அவர் அக்காவிடம் சொல்லி, அக்கா முறுக்கு பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்.

மனையில் நடப்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதுதான் இந்தக் கடிதம். போன சனிக்கிழமை நான் கேரல் பாட்டுப் பயிற்சிக்காகக் கோவிலில் இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பெரியத்தான் கர்ணனைக் கூட்டிப் போய், தண்ணீரை இறைத்து, புதிதாக நூல் கட்டி, கோடு போட்டுவிட்டார். மழையில் அழிந்த கோட்டைத் திரும்பப் போட்டார்கள் என்று சந்தோஷமாகத்தான் போனேன். போய் நின்றால் அது என் வீடு இல்லை.

முன்னால் மூன்று படிக்கு வெட்டிய குழியை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ரோட்டிலிருந்தே ஆரம்பித்து வாசல்வரை நீளமாக ஒரு சரிவுக்குக் கோடு போட்டிருக்கிறது. மாடிப்படிக்கு வெட்டிய குழியில் மண் கொட்டி இறுக்கியாயிற்று. பின்னால் இருந்த கழிப்பறை ஹாலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதுவும் சின்னதாக இல்லை, நம் அறையில் பாதி இருக்கும். முன்வாசல் எவ்வளவு அகலம் என்று கர்ணனிடம் கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். அந்த வாசலில் இரட்டைக் கட்டிலைச் சாய்க்காமல் கொண்டுபோகலாம். அண்ணாச்சி சொன்னாக, போட்டேன், எங்கிட்டக் கேக்காத தங்கச்சி என்று திமிசுக் கட்டையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அது துடைக்கிற சாமானா?

எனக்குப் புரியாது என்று நினைக்கிறார்கள். படி இல்லாத வாசல், அகலமான கதவு, தள்ளுவண்டி ஏறுகிற சரிவு. பஜாரில் எந்த ஏலக்காய்க் குடோனைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது. மூட்டையைத் தலையில் தூக்க வேண்டாம், வண்டியில் வைத்து உள்ளே உருட்டிவிடலாம். வேலை செய்கிற பெண்களுக்காக முன்பக்கம் கழிப்பறை. நம் மனையில், நீங்கள் பாலைவனத்தில் லாரி ஓட்டி வாங்கிய மனையில், பெரியத்தான் குடோன் கட்டுகிறார்.

நேராகவே கேட்டேன். குடோனா பெரியத்தான் என்றேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உன் வீடுதான் ஆத்தா, விஜய் சொன்னபடிதான் நடக்குது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லாவைத் திறந்து மூடினார். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கார்த்திகையில், மார்கழி வருகிறது என்று வேலையை நிறுத்தியவர், மார்கழி பிறந்த மறுநாளே கான்கிரீட் போடத் தேதி குறிக்கிறார். புது வருஷத்துக்குள் முடிக்க வேண்டுமாம். பனி விழுகிறதே, விடிந்து வெகுநேரம்வரை குழி காயவில்லையே என்று கர்ணன் சொன்னால், சாக்கு போட்டு மூடிக்கலாம் என்கிறார். அப்போது ஆகாத மார்கழி இப்போது எப்படி ஆகும்?

இதைச் சொல்லி முடித்துவிட்டால் மனசு ஆறும் என்று பார்த்தேன். ஆறவில்லை. பெரியதை இனிமேல்தான் எழுத வேண்டும்.

அல்லிநகரத்துப் பிரின்சி லீவில் வந்திருக்கிறாள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளே, அவள்தான். உங்களிடமிருந்து பேரீச்சம்பழமும் ஜெனிஷாவுக்கு ஒரு சிவப்புச் சட்டையும் கொண்டுவந்தாள். நாம் இருவரும் அவளை ஊரில் ஒரே ஒரு கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறோம். அவளுக்கு உங்களைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்கிறது. விஜய் அண்ணன் இப்பச் சீனி போடாமத்தான் காப்பி குடிக்கிறாக என்கிறாள். தாடிய எடுத்தாத்தான் முகம் தெளிவா இருக்கும்னு நான்தான் சொன்னேன், எடுத்துட்டாக என்கிறாள். ராத்திரியில் தூக்கம் வராமல் ஜெனிஷா பேரைச் சொல்கிறீர்களாம். ராத்திரியில் நீங்கள் சொல்வது அவளுக்கு எப்படிக் கேட்டது என்று நான் கேட்கவில்லை. அக்கா பக்கத்தில் இருந்தார். கேட்டிருந்தால் என் குரல் தெருவுக்குப் போயிருக்கும்.

போகும்போது அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எதையோ சொல்ல வந்து, பெரியத்தானைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஜெனிஷாவின் தலையைத் தடவும்போது அவள் கண்ணில் தண்ணீர். என் பிள்ளையைப் பார்த்து இவள் எதற்கு அழ வேண்டும்? பெரியத்தானுக்கும் தெரிந்த ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பேரீச்சம்பழத்தை நான் தொடவில்லை.

அங்கே வேறு வாழ்க்கை இருந்தால் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். வீட்டைக் குடோன் ஆக்கி, என்னைக் காலம் முழுக்க இந்த அறையிலேயே வைத்துவிட்டு, மாதம் ஒரு முறை முகத்தை மட்டும் காட்டலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். நான் அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் இதை எழுதும்போது கொஞ்சம் அழுதேன். அதையும் மறைக்கவில்லை. நான் எதையும் மறைப்பதில்லை.

உங்களுக்கு நல்ல புத்தியையும் எனக்குப் பொறுமையையும் ஆண்டவர் தரட்டும்.

ஜெபஷீலா

*

போடி,
டிசம்பர் 30

என் அன்புக்குரியவருக்கு, உங்கள் ஷீலா எழுதுவது.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடவில்லை. பிரின்சி கையில் கொடுத்துவிடுகிறேன். நேராக உங்கள் கட்டிலுக்கே வந்து கொடுப்பாள். அவளோடு சேர்ந்து உட்கார்ந்து உங்கள் பேரீச்சம்பழத்தை நேற்றுச் சாப்பிட்டேன்.

எப்படித் தெரிந்தது என்று பெரியத்தானைத் திட்டாதீர்கள். அவர் சொல்லவில்லை. நம் கிருபாவதி டீச்சர் சொல்லாமல் சொன்னார். டீச்சர் விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலியில்தான் கோவிலுக்கு வருகிறார். அவருக்காகப் பக்கவாட்டுக் கதவுக்குச் சரிவு கட்டியிருக்கிறார்கள், கதவையும் பெரிதாக்கியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவர் மகள் வர நேரமாகிவிட்டது. நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். சரிவில் ஏறும்போது கால் சொல்லிவிட்டது. நீளமாக, மெதுவாக ஏறுகிற அதே சரிவு. நம் மனையில் கோபத்தோடு எத்தனை தடவை அதில் ஏறி இறங்கியிருக்கிறேன். கதவுக்குள் நாற்காலி எங்கும் இடிக்காமல் நுழைந்தது. மேலே போனதும் என் கை நாற்காலியை விடவில்லை. டீச்சர் திரும்பிப் பார்த்து, என்னம்மா ஷீலா, மூச்சு வாங்குதா என்றார். ஆமாம் டீச்சர் என்றேன். கேரல் பாட வாயைத் திறந்தேன். ஒரு பாட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் பெரியத்தான் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பெரியத்தான், அந்தச் சரிவுல மூட்டை ஏறப்போகுதா, ஆளு ஏறப்போறாகளா என்றேன். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார். ரெண்டு மாசமா தொண்டையிலயே வச்சு முழுங்கிக்கிட்டு இருக்கேன் ஆத்தா, அவன் சத்தியம் வாங்கிட்டான் என்று சின்னப் பிள்ளைபோல் அழுதார். சபைக் கமிட்டிக்காரர் பொய் சொல்லத் தெரியாமல் மார்கழியைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். கால் தேறிவிடும் என்று நம்பித்தான் முதலில் பழைய கோட்டிலேயே தோண்டவிட்டாராம்; பிறகு டாக்டர்கள் முடிவு சொல்லும்வரை கோடு எப்படிப் போடுவது என்று தெரியாமல் கார்த்திகையில் நிறுத்தினாராம். நல்லவேளையாக மழை பழைய கோட்டை அழித்துக் கொடுத்ததாம். சொல்லிவிட்டு அதற்கும் அழுதார்.

எந்தக் கால் என்று கேட்டேன். வலது என்றார். முழங்காலுக்கு மேலே என்றார். இடது கால் இருக்கிறது, ஆனால் ஊன்றுவதற்கு நாளாகும் என்றார். லாரியிலிருந்து குழாய் இறக்கும்போது உருண்டது என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. மீதியைப் பிரின்சி சொன்னாள். ராத்திரி டூட்டியில் உங்கள் பக்கத்தில் நின்றவள் அவள்தான். அவளைப் பற்றி நான் எழுதியதைத் தயவுசெய்து அவளிடம் காட்டிவிடாதீர்கள்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நாலு பேருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கர்ணனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. வீட்டைக் கட்டி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தீர்களாம். எதற்கு? நல்ல வீட்டைக் காட்டினால் நான் ஓடிப்போக மாட்டேன் என்றா? ஓடுகிறவள் ஏலக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் படுத்திருக்க மாட்டாள்.

ஜெனிஷாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் அனுப்பிய சிவப்புச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, அப்போ அப்பா இனிமே திரும்பிப் போக மாட்டாகல்ல என்று கேட்டாள். மாட்டாக என்றேன். உங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இனி வீட்டு விஷயம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையிலேயே கர்ணனைக் கூட்டிக்கொண்டு மனைக்குப் போனேன். பனியில் நூலெல்லாம் நனைந்து தொங்கியது. கோட்டின் மேலேயே ஒவ்வொரு அடியாக நடந்து பார்த்தேன். நீங்களும் பெரியத்தானும் போனிலேயே கூடிக்கூடிப் பேசிப் போட்ட திட்டத்தின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. வாசலுக்குச் சரிவு, ஹால் பெரிசு, கழிப்பறை பெரிசு. ஹாலிலிருந்து அடுப்படிக்குப் போகிற நடை மட்டும் அதே குறுகல். நாற்காலி பாதியில் சிக்கிக்கொள்ளும். ஆக, உங்களை ஹாலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, வருகிறவர்கள் போகிறவர்கள் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறீர்கள்.

நான் குழம்பு வைக்கும்போது பின்னால் வந்து உட்கார்ந்து, புளி கூடிப்போச்சு, உப்பு குறைஞ்சுபோச்சு என்று உயிரை வாங்குவீர்களே, அந்த ஆள் எப்படி அடுப்படிக்கு வருவார்? அந்தச் சுவர்க் கோட்டைக் காலால் அழித்தேன். சுண்ணாம்புப் பொடியை வாங்கி நானே தள்ளிப் போட்டேன். கர்ணன் முளையைப் பிடுங்கி நான் காட்டிய இடத்தில் அடித்தார். மாடிப்படிக் குழியையும் திரும்பத் தோண்டச் சொல்லிவிட்டேன். இப்போது ஏற வேண்டாம். ஆனால் அஸ்திவாரத்தில் இடம் விடாமல் போனால் பிறகு எப்போதும் ஏற முடியாது. ஜெனிஷா துணி காயப் போட ஏறட்டும். செயற்கைக் கால் பழகினவர்கள் மலையே ஏறுகிறார்கள் என்று பிரின்சி சொல்கிறாள், அதையும் பார்த்துவிடலாம்.

கான்கிரீட்டை நிறுத்திவிட்டேன். புது வருஷத்துக்குள் போட வேண்டாம். குழியில் சேற்றை வழித்து மணல் பரப்பி இறுக்கியாயிற்று. தார்ப்பாயின் ஓரத்துக்குக் கல் வைத்திருக்கிறேன், கம்பிமேல் சாக்குப் போட்டிருக்கிறேன். தினமும் காலையில் போய்ப் பனித் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஏன் வேலை நிற்கிறது என்று கோவிலில் கேட்கிறவர்களிடம், மார்கழி கழியட்டும்னு இருக்கோம் என்று சொல்கிறேன். என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். போதகர் ஐயா ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்யப்போகிறாராம். வரட்டும்.

ஜனவரி கடைசிக்குள் உங்களை அனுப்பிவிடுவார்கள் என்று பிரின்சி சொல்கிறாள். அதுவரை குழி காத்திருக்கும். முதல் சட்டி உங்கள் கையால்தான். நின்றுகொண்டுதான் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குழி ஓரத்துக்குப் பலகை போட்டு உங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாய்த்துவிட்டால் போதும். நான் நன்றாகத் தள்ளுகிறேன் என்று கிருபாவதி டீச்சரே சொல்லியிருக்கிறார்.

இன்னும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்வதை நான் நம்பவில்லை. அடுத்த முறை கூப்பிடும்போது முகத்தை மட்டும் காட்டாதீர்கள். போனைத் தள்ளி வையுங்கள். முழுவதும் தெரிய வேண்டும். நான் பார்த்துக்கொள்வேன்.

உங்களைக் குழாய்க்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆண்டவர், வாசல்வரை மட்டும் அல்ல, அடுப்படிவரை உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

காத்திருக்கும்,
ஷீலா